நோட்செட்: நானூறு மெஷினையும் ஒரே வரியில் அடக்க

ஒன்றாக இணைத்து வேலைவாங்கும் கணினிக் கூட்டத்தில் (கிளஸ்டர்) இருபது முப்பது மெஷின் இருக்கும்வரை பெயர்களைக் கையால் அடித்தே ஓட்டிவிடலாம். நானூறு ஆனபிறகு "எந்த நோடெல்லாம் (கிளஸ்டரில் உள்ள மெஷின்) படுத்திருக்கிறது, மிச்சம் எது" என்பதைக் கண்டுபிடிக்கவே தனி வேலை, அதற்கு ஆளாளுக்கு உரையை வெட்டி ஒட்டும் ஒரு அவ்க் கமாண்ட் வரியோ அரைகுறை ஸ்கிரிப்டோ வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன், நோட்செட் பழகியபிறகு அழித்துவிட்டேன். பல மெஷின்களை ஒருசேர நிர்வகிக்க உதவும் கிளஸ்டர்ஷெல் தொகுப்போடு வருகிற, நோட் பெயர்ப் பட்டியல்களைக் கையாளும் கமாண்ட் இது. பிரான்ஸின் சிஇஏ ஆய்வு அமைப்பில் உருவானது, திறந்த மூலம், பைதானில் எழுதப்பட்டது, பைதானின் நிறுவியான பிப்பிலேயே நிறுவலாம்.

மைனஸ் எஃப் கொடுத்தால் சிதறிக்கிடக்கும் பெயர்களை நோட்[1-16,18-400] என்று மடித்துத் தரும். மைனஸ் இ விரித்துத் தரும், மைனஸ் சி எண்ணிச் சொல்லும். ஆனால் இதன் ருசியே கூட்டல் கழித்தலில்தான்: மொத்தப் பட்டியலிலிருந்து மைனஸ் எக்ஸ் போட்டு ரிப்பேரில் இருப்பதைக் கழிக்கலாம், மைனஸ் ஐ போட்டு இரண்டு பட்டியலுக்கும் பொதுவானதை எடுக்கலாம். கிளஸ்டரில் வேலைகளைப் (ஜாப்) பங்கிட்டு ஓட்டும் ஸ்லர்மின் எஸ்கண்ட்ரோல் கமாண்டும் பெயரை விரிக்கும், மடிக்கும், ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அதில் கிடையாது.

குரூப் வசதியைத் தவறவிடாதீர்கள். @கம்ப்யூட் என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பட்டியல் ஒரு ஃபைலிலிருந்தும் வரலாம், அந்த நேரத்தில் ஒரு கமாண்டை ஓட்டியும் வரலாம். ஸ்லர்முக்கான மாதிரி கான்ஃபிக் கூடவே வருகிறது, அதை இயக்கிவிட்டால் @எஸ்டி:ஐடில் என்று கேட்டு அந்த நிமிடம் சும்மா இருக்கும் நோடுகளை வாங்கிவிடலாம், ஒரு ஜாப் எண்ணைக் கொடுத்து அது ஓடும் மெஷின்களையும் கேட்கலாம்.

சரி, கடித்த இடத்தையும் சொல்கிறேன். நாம் அடிக்கும் கமாண்டை முதலில் வாங்கிப் படிக்கிற பாஷுக்கும் சதுர அடைப்பு அர்த்தமுள்ள குறி, பொருந்தும் ஃபைல் பெயரைத் தேடச் சொல்வது. நோட்[1-400] என்பதை மேற்கோள்குறி (கோட்) போடாமல், பல மெஷினில் ஒரே கமாண்டை ஓட்டும் கிளஷுக்குக் கொடுத்தேன், நின்றிருந்த டைரக்டரியில் எப்போதோ போட்டுவைத்த நோட்4 என்ற ஃபைல் ஒன்று கிடந்தது, பாஷ் அதைப் பிடித்து நோட்4 என்று மாற்றிவிட்டது. நானூறு மெஷினில் ஓடவேண்டியது ஒன்றே ஒன்றில் ஓடி, எரர் எதுவும் இல்லாமல் சமர்த்தாக முடிந்தது. பட்டென்று முடிந்ததைப் பார்த்துதான் சந்தேகமே வந்தது. பழி பாஷ் மேல்தான், ஆனாலும் அன்றிலிருந்து சிங்கிள் கோட் இல்லாமல் அடிப்பதில்லை. டபுள் கோட் போதாது, பட்டியலுக்குள்ளேயே கழித்தலைக் குறிக்கப் போடும் ஆச்சரியக்குறியை பாஷ் அதற்குள்ளும் புகுந்து பிடிக்கும்.

எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சின்ன எக்ஸ் கழித்தல், பெரிய எக்ஸ் இரண்டில் ஏதேனும் ஒன்றில் மட்டும் இருப்பவை. சின்ன ஐ பொதுவானவை, பெரிய ஐ வரிசையிலிருந்து ஒரு துண்டு. ஷிஃப்டில் விரல் பட்டால் விடை வேறு, பார்த்தால் அதுவும் சரியான பட்டியல் மாதிரியே இருக்கும்.

இன்னொன்று, மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று இது பார்ப்பதே இல்லை. இல்லாத நோட்9999 கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும், இதற்கு எல்லாமே வெறும் பெயர்தான். குரூப் ஃபைல் பழையதென்றால் விடையும் பழையதுதான், அதனால் கையால் எழுதும் பட்டியலை நான் ஸ்டோரேஜ் சர்வர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஸ்லர்மிடமே கேட்கவிட்டேன். அப்புறம், உங்கள் கிளஸ்டரில் நோட்1, நோட்001 என்று இரண்டு பாணியும் கலந்து கிடந்தால் 1.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே போடுங்கள், முந்தையவை அந்தச் சுழியங்களில் குழம்பும்.