கரிசல் மண்ணில் புறவாசல் தளம்: 2019-இல் போட்டது இன்று எப்படி இருக்கிறது

கோவில்பட்டிக்குப் பக்கத்தில், சுத்தமான கரிசல் பூமியில் எங்கள் வீடு இருக்கிறது. புறவாசலில் இருபதுக்குப் பதினைந்தடி அளவில் ஒரு காங்கிரீட் தளம் 2019 மாசியில் போட்டோம். மிளகாய் வற்றல் காயப்போடவும், துணி துவைக்கவும், பொழுது சாய்ந்தபின் கட்டில் போட்டு உட்காரவும் ஒரு இடம் வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. போட்ட புதிதில் எல்லாத் தளமும் அழகாகத்தான் இருக்கும். கரிசலில் அதன் குணம் தெரிய இரண்டு மூன்று ஐப்பசியும் சித்திரையும் கடக்க வேண்டும். அதற்கு மேலேயே கடந்துவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் தெருவில் புறவாசலில் தளம் போட்டவர்கள் பலர். பாதிப் பேர் வீட்டில் தளம் நடுவில் உப்பியோ, ஓரம் இறங்கியோ, குறுக்கே விரல் நுழையும் அளவு பிளந்தோ கிடக்கிறது. கேட்டால் சிமெண்டைக் குறை சொல்வார்கள், கொத்தனாரைக் குறை சொல்வார்கள். காரணம் மண்தான். கரிசலில் இருக்கும் களி, மழைக்குத் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் அதே அளவு சுருங்கி வெடிக்கும். சித்திரையில் எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாலு அங்குலக் காங்கிரீட்டால் அந்த மண்ணை அமுக்கி வைக்க முடியாது.

உங்கள் மண் எந்த அளவுக்கு உப்பும் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் செய்தது இதுதான். இரண்டடி ஆழத்தில் மண்ணை எடுத்து, நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்தேன். ஒரே மாதிரியான இரண்டு அளவு குவளைகளில் பத்துப் பத்து கிராம் மண். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, காற்றுக் குமிழி போனபின் ஒரு நாள் அப்படியே விட்டேன். மண்ணெண்ணெய்க்குக் களி உப்பாது; அதனால் அந்தக் குவளையில் மண்ணின் இயல்பான அளவு தெரியும். தண்ணீர்க் குவளையில் மண் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே ஏறி நின்றது. மண் பரிசோதனைக் கூடத்தில் செய்யும் சோதனையும் அடிப்படையில் இதுதான். ஐம்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை மோசமாக உப்பும் மண் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். செம்மண் பூமிக்காரர்களுக்கு இவ்வளவு தலைவலி கிடையாது. அவர்கள் நான் கீழே சொல்வதில் பாதியை விட்டுவிடலாம்.

அதனால் எங்கள் செலவில் ஏறக்குறைய பாதி தரைக்கு அடியில் போனது. ஒன்றரை அடிக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் கிராவல் நிரப்பினோம். ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த தட்டு வைப்ரேட்டரை ஓட்டி இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. மணல் கொட்டினால் போதும், மலிவு என்று பலர் சொன்னார்கள். கரிசல் குழிக்குள் வெறும் மணல் போட்டால் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கி, அடியில் உள்ள கரிசலுக்கு மாதக்கணக்கில் ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். களி கொஞ்சம் கலந்த, ஆனால் உப்பாத செம்மண் கிராவல்தான் வேண்டும். கரிசல் பூமியில் வாய்க்காலுக்குத் தளம் போடுகிற பொறியாளர்களும் உப்பாத மண் அடுக்கு ஒன்றை இடையில் கொடுத்த பிறகே மேலே கட்டுகிறார்கள்.

நாலு ஓரத்திலும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் காங்கிரீட்டைக் கீழே இறக்கி ஒரு கரை மாதிரி கட்டினோம். ஓரம் வழியாக ஈரம் உள்ளே போவதும், கோடையில் உள்ளிருந்து உலர்ந்து வெளியேறுவதும் குறைகிறது. தளம் ஓரத்தில்தான் முதலில் சீரழியும் என்பதால், இந்தக் கரைக்கு ஆன செலவை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை.

மாசியைத் தேர்ந்தெடுத்ததும் மண்ணை வைத்துத்தான். சித்திரையில் போட்டால் மண் சுருங்கிக் கிடக்கும்; ஐப்பசி மழைக்குத் தளத்தைத் தூக்கும். கார்த்திகையில் போட்டால் மண் ஊறிக் கிடக்கும். கோடையில் ஓரத்தைக் கீழே விட்டுவிடும். தை, மாசியில் ஈரம் நடுத்தரமாக இருக்கும். வெயிலும் கொல்லாது, காங்கிரீட்டும் அவசரமாக உலராது.

சரி, காங்கிரீட்டுக்கு வருகிறேன். இருபதுக்குப் பதினைந்து, நாலு அங்குலக் கனம் என்றால் நூறு கன அடி. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற எம் 20 கலவையில் இந்தத் தளத்துக்கு மட்டும் சுமார் 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), 84 கன அடி முக்கால் அங்குல ஜல்லி பிடிக்கும். ஓரக் கரைக்குத் தனிக் கணக்கு. பூச்சு வேலைக்கான பி-சாண்டை இதற்கு வாங்கிவிடாதீர்கள். ஒன்றேகால் கன அடிப் பெட்டி ஒன்று செய்து, மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்று அளந்து கலவை மிஷினில் போட்டோம். பாண்டு, அதாவது சட்டிக் கணக்கில் போட்டால் ஆளுக்கு ஆள் அளவு மாறும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டாவது கலவை வந்ததும் மேஸ்திரி பலகையை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி, இம்புட்டுக் கெட்டியா இருந்தா பலகை ஓடாது. ரெண்டு வாளி விடச் சொல்லுங்க.”

“அண்ணாச்சி, தண்ணி வேண்டாம். வைப்ரேட்டர் ஓட்டுவோம், ஆள் இன்னும் ஒண்ணு சேர்த்துக்குவோம். கூலி நான் தாறேன்.”

அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். நல்ல வேலைக்காரர். ஆனால் சீக்கிரம் முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு எப்போதும் இருக்கிறது. கொழகொழவென்று இருந்தால் வேலை சுலபம்; ஆனால் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் ஓட்டையாகி, மேல்பரப்பு மாவு மாதிரி உதிரும். இன்று எங்கள் தளத்தைக் கையால் தேய்த்தால் தூசி ஒட்டுவதில்லை என்றால், அந்தக் கூடுதல் ஆள் கூலிதான் காரணம்.

முந்நூறு சதுர அடியை ஒரே பாளமாகப் போடவில்லை. பத்துக்கு ஏழரை அடியாக நாலு பாத்தி பிரித்தோம். நாலு அங்குலத் தளத்துக்கு எட்டிலிருந்து பத்தடிக்குள் ஒரு இணைப்பு வர வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் காங்கிரீட் தானே இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். எதிரெதிர் மூலையில் இரண்டு பாத்தியை முதலில் போட்டு, அவை இறுகியபின் மற்ற இரண்டை நிரப்பினோம். 8 எம்.எம். கம்பியை எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் காங்கிரீட் கட்டைகளை வைத்து, கனத்தின் பாதிக்கு மேலே நிற்கும்படி தூக்கி வைத்தோம். தரையிலேயே படுத்துக் கிடக்கும் கம்பியால் பயன் இல்லை. கம்பி வெடிப்பைத் தடுக்காது, வந்த வெடிப்பை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பாத்திக்குப் பாத்தி கம்பியைத் தனித்தனியாக நிறுத்திவிட்டு, இணைப்பில் மட்டும் 12 எம்.எம். வழுவழுப்பான உருட்டுக் கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாகக் குறுக்கே செருகினோம். பக்கப் பலகையில் துளை போட்டுச் செருகி, ஒரு பாதிக்குக் கிரீஸ் தடவ வேண்டும். பாத்திகள் பக்கவாட்டில் நகரலாம். ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று படிக்கட்டு ஆகாது. எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் பலர் இதைச் செய்வதில்லை. கரிசலுக்கு நான் இதைக் கட்டாயம் என்பேன்.

வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் இடையே அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை விட்டோம். தளம் அசைந்தாலும் வீட்டை இழுக்கக் கூடாது. வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டிலிருந்து விலகி; ட்யூப் மட்டம் பிடித்து நான்கு மூலையையும் முதலிலேயே குறித்தாயிற்று. துவைக்கிற கல்லுக்கான கழிவுக் குழாய், செப்டிக் டேங்க் மூடி, போர்வெல் இவற்றுக்கு இடம் விட்டுத்தான் அளவே எடுத்தோம். வேப்பமரத் தூரிலிருந்து பத்தடி தள்ளியே நிறுத்திக்கொண்டோம். வேர் முட்டும் என்பது ஒரு பக்கம். மரம் தன் பக்கத்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அங்கே மட்டும் சுருங்க வைக்கும் என்பது இன்னொரு பக்கம்.

மேலே கசிந்த தண்ணீர் வற்றியபின் மட்டப்பலகை இழுத்து, தென்னை விளக்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு. பளபளப்பாக்குகிறேன் என்று காய்ந்த சிமெண்டைத் தூவ விடவில்லை. அந்தத் தோல் பிறகு உரிந்து வரும். கரிசல் மண்ணாலேயே சின்ன வரப்புக் கட்டி, தண்ணீர் நிறுத்தி, ஓரங்களுக்குச் சணல் சாக்கு போட்டோம். நாங்கள் வாங்கியது பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. ஏழு நாள் என்பது எதுவும் கலக்காத சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன்.

பெரிய சோதனை 2023 டிசம்பர் 17, 18-இல் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. எங்கள் தெருவிலும் தண்ணீர் தேங்கி, புறவாசலின் கரிசல் முழுக்கச் சேறாகி, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கியது. தளத்தின் மேல் தண்ணீர் நிற்கவில்லை. சில நாள் கழித்து மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். கிழக்கு ஓரத்துப் பாத்தி இரண்டும் நூல் அளவு தூக்கியிருந்தன, இரண்டும் சேர்ந்தே. இணைப்பில் கால் தட்டவில்லை. அடுத்த சித்திரையில் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அன்றைக்கு அந்தக் கிரீஸ் தடவிய கம்பிகளை நினைத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெடிப்பு இல்லாமல் இல்லை. துவைக்கிற கல் இருக்கும் மூலையில் மயிரிழை மாதிரி ஒன்று, இரண்டடி நீளம். முதல் கோடையிலேயே வந்தது, அப்புறம் வளரவில்லை. அதே இடத்தில் பாசியும் பிடிக்கும். மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். விளக்குமாற்று வரி இருப்பதால் அம்மாவுக்கு இதுவரை வழுக்கியதில்லை. வேப்பம்பழக் கறை ஆனியில் வரும், சில வாரத்தில் வெயிலே அதை வெளுத்துவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் ஆயில் கறை மட்டும் போகவே இல்லை.

வெயில் காலத்துச் சூடு உண்மையான குறை. சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இரவு எட்டு மணிக்கும் அனல் வரும். இரண்டு வாளி தண்ணீர் தெளித்த பிறகே கட்டில் போட முடிகிறது. வற்றல் காய அந்தச் சூடு நல்லதுதான். மிளகாயை மண்ணில் பரப்பிய காலத்தை விட சீக்கிரம், தூசி இல்லாமல், நிறம் கெடாமல் காய்கிறது. தளத்தில் நேராகப் போடாமல் தார்ப்பாய் விரித்து அதன்மேல் போடுகிறார் அம்மா. உட்காருவதற்கு மட்டும் தளம் வேண்டும் என்பவர்கள் மேற்குப் பக்கம் நிழலுக்கு ஏதாவது வழி செய்துகொண்டு இறங்குவது நல்லது.

பேவர் பிளாக் போட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். கரிசலுக்கு அது மோசமான யோசனை இல்லை; மேடு பள்ளம் ஆனால் பிரித்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். ஆனால் கிராவல் வேலை அதற்கும் இதே அளவு வேண்டும். இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே போகும், புல் முளைக்கும், கட்டில் கால் ஆடும். துவைக்கிற இடத்துக்கு எனக்குக் காங்கிரீட்தான் சரி.

பராமரிப்பு என்றால் இணைப்புகள்தான். நாலு பாத்திக்கு நடுவே உள்ள இடுக்கைப் பாலிசல்பைடு சீலண்ட் என்கிற ரப்பர் மாதிரிப் பசை வைத்து அடைத்திருந்தோம். வெயில் படும் பக்கம் அது கெட்டியாகி ஓரம் விட்டுவிட்டது; எறும்பு மண் தள்ளத் தொடங்கியதும் கவனித்தேன். இந்தத் தையில் பழையதைச் சுரண்டி எடுத்து, இடுக்கை ஊதிச் சுத்தம் செய்து, புதிதாக அடைக்கப் போகிறேன். சுவரோரத் தெர்மாகோல் பட்டையின் மேல்பகுதியையும் அப்போதே சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். அங்கேதான் மழைத்தண்ணீர் கடைக்காலுக்கு இறங்கும்.