வேலூர் சத்துவாச்சாரி தண்ணீரில் கரிமீன்: நான்கு வருட அனுபவம்

டிஸ்கஸ் என்ற அலங்கார மீன் வளர்க்கிறேன் என்று ஒரு வருடம் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்தவன் நான். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டர் 1,100 காட்டும். பாத்திரமெல்லாம் வெள்ளைப் படிவு. இந்தத் தண்ணீருக்கு அசராத பெரிய சிக்லிட் (டிஸ்கஸும் இந்த மீன் குடும்பம்தான்) நம்ம பழவேற்காடு உப்புநீர் ஏரியிலேயே இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. இந்தியாவின் சொந்த சிக்லிட்கள் மூன்றே வகை. அதில் பெரியது கரிமீன். கேரளத்தின் மாநில மீனும் அதுதான். சிகிச்சைக்காக எங்கள் மாடியில் தங்கியிருந்த கோட்டயத்துச் சேட்டன் ஒரு மணி நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, “வாழையிலை இருக்கா?” என்று மட்டும் கேட்டார் (கரிமீனை வாழையிலையில் பொதிந்து பொரிக்கும் ஊர்க்காரர் ஆயிற்றே).

2021 மார்ச்சில் வலையில் பிடித்த ஆறு குஞ்சுகளை ஆக்சிஜன் அடித்த கவரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்தேன். மூன்றே நாளில் இரண்டு போய்விட்டன. செதில் உரிந்த இடத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை. தப்பு என்னுடையது: உப்புநீரில் இருந்ததை நேராக நல்ல தண்ணீரில் விட்டேன். லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போட்டு, இரண்டு மாதத்தில் மெல்லக் குறைத்ததும் மற்ற நான்கும் தேறின.

பண்ணைக் குஞ்சு பெல்லட் தீவனத்தைக் கண்டால் ஓடிவரும். இவை பதினோரு நாள் எதையும் தொடவில்லை. ஆள் நிழல் பட்டாலே மூலையில் ஒதுங்கி, உடம்புப் பட்டைகள் கறுத்துவிடும். மொட்டைமாடித் தொட்டியில் பாசி பிடித்துக் கிடந்த கல்லை எடுத்துப் போட்டேன். விளக்கை அணைத்துக் கதவோரம் நின்று பார்த்தால், தலைகீழாகச் சாய்ந்து அந்தச் சின்ன வாயால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பிறகு வெந்நீரில் போட்டெடுத்த பாலக்கீரை, அப்புறம் பெல்லட். இப்போது என் செருப்புச் சத்தத்துக்கே முன்னால் வந்து நிற்கின்றன. செடி மட்டும் வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் மொட்டை.

எட்டு அங்குலம் வளர்ந்ததும் 5×2×2 அடி தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல். மாடியில் வைப்பதாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரம்தான் பெரிய தலைவலி. மே மாதம் தொட்டி 33 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கரண்டும் போனால் அவ்வளவுதான். அதனால் ஹால் ஃபேனைக் கழற்றிவிட்டு ஏர் பம்பை இன்வர்ட்டரில் கொடுத்திருக்கிறேன் (வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை). ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு போர் தண்ணீரே ஊற்றினால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த, குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

போன தை மாதம் ஒரு ஜோடி கல்லில் முட்டை ஒட்டியது. ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. மற்ற இரண்டும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் பதுங்கியும், ஒன்றின் வால் பாதி கிழிந்துபோனது. இப்போது நடுவே தடுப்புக் கண்ணாடி. முட்டைகள் நான்காம் நாள் காணவில்லை. யார் தின்றது என்று நான் பார்க்கவில்லை.