வேலூர் பக்கத்துக் காட்டுக்கும் ஏரிக்கும் ஒரே பைனாகுலர்: ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1

பறவை பார்க்க முதல் பைனாகுலர் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஜவ்வாது மலை அடிவாரத்துக் காட்டிலும் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலும் ஒரே கருவியை வைத்துச் சமாளிக்க வேண்டும், விலையும் பத்தாயிரத்தைத் தாண்டக்கூடாது என்றால் இதை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. 2021-ல் ஒலிம்பஸின் கேமரா தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்துவிட்டது, பைனாகுலரும் அதோடு போய்விட்டது, அதனால் பெட்டியின் மேல் அந்த நிறுவனத்தின் பிராண்டான ஓஎம் சிஸ்டம் என்று இருந்தால் போலியோ என்று பயப்பட வேண்டாம்.

முதலில் இந்த 8×40 என்பது. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மி.மீ. கடைக்காரர்கள் முதல் எண்ணைத்தான் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். இணையத்தில் நூறு மடங்கு ஜூம் என்று போட்டு விற்கிறார்களே, அப்படி ஒன்றை என் நண்பர் வாங்கினார். ஜூமைக் கூட்டக் கூட்டப் படம் இருண்டு, ஒரு கண்ணில் ஒன்றும் இன்னொரு கண்ணில் வேறொன்றும் தெரிந்து, பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது அவருக்கு. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் இதையே வாங்கியிருக்கலாம்.

காட்டில் மடங்கைவிட முக்கியம் பார்வையின் அகலம். இதில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் 143 மீட்டர் அகலம் தெரியும், இதே வரிசையில் வரும் 10×50-ல் 114 மீட்டர்தான். எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது, ஆனால் அமிர்தி காட்டில் குளிர்காலத்தில் ஓர் அரசவால் ஈப்பிடிப்பானைப் பின்தொடர்ந்து பாருங்கள், அது ஒரு கிளையில் நிற்கிற பறவையே இல்லை, உட்கார்ந்ததும் கிளம்பும், நாம் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைப்பதற்குள் அடுத்த மரத்தில் இருக்கும். இருபது மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் இந்தக் கருவி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலத்தை ஒரே வட்டத்துக்குள் காட்டிவிடுகிறது, அதனால் பறவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தாவினாலும் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கை நடுக்கமும் எட்டு மடங்கில் அவ்வளவாகத் தெரியாது. மலையேறி மூச்சு வாங்கும்போது பத்து மடங்குப் பைனாகுலரில் பறவை ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் வெளிச்சம். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. பைனாகுலரிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் 5 மி.மீ. என்று அர்த்தம். பாக்கெட்டில் வைக்கும் சின்ன 8×21 மாதிரிகளில் இது மூன்று மி.மீ.கூட வராது. நண்பகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏனென்றால் அப்போது நம் கண்மணியே சுருங்கிக் கிடக்கிறது. விடியலிலும் அந்தியிலும்தான் வேறுபாடு தெரியும். ஆறுமணிக்குருவி கூப்பிடுவது அந்த நேரத்தில்தானே. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று வடக்கே கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருகிற பறவை அது, மரத்தடி நிழலில் காய்ந்த சருகைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். வெறும் கண்ணுக்கு அங்கே சருகு அசைவது மட்டும்தான் தெரியும். இதை வைத்துப் பார்த்தால் முதுகின் பச்சை, கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, வாலடியின் சிவப்பு எல்லாம் பிரிந்து தெரிகிறது. அதைப் பார்த்த அன்று வேறு எதுவும் பார்க்காமல் வீடு திரும்பினாலும் எனக்குப் போதும்.

ஏரியில் நிலைமை வேறு. காவேரிப்பாக்கம் பெரிய ஏரி, தண்ணீர் வற்ற வற்ற பறவைகள் கரையை விட்டு உள்ளே உள்ளே போய்விடும். கூழைக்கடா, சங்குவளை நாரை போன்ற பெரிய பறவைகளுக்குப் பிரச்சினையே இல்லை. சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இருபுறமும் துழாவுவதையும், மீன் பட்டதும் அலகு சட்டென்று மூடுவதையும் கரையிலிருந்தே உட்கார்ந்து பார்க்கலாம். சேற்றோரத்தில் முப்பது, நாற்பது மீட்டரில் ஓடித்திரியும் பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம்கூடத் தெரியும், அந்த வளையத்தை வைத்துத்தான் மற்ற உப்புக்கொத்திகளிலிருந்து அதைச் சுலபமாகப் பிரிக்க முடியும். ஆனால் ஏரி நடுவில் இருநூறு, முந்நூறு மீட்டருக்கு அப்பால் கும்பலாக நிற்கும் உள்ளான்களை இதில் பிரித்தறிய முடியாது. அதற்கு முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற தொலைநோக்கி வேண்டும், அது வேறு செலவு.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கரடுகளுக்கும் இதைத்தான் எடுத்துப் போகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம், அங்கிருந்து யானைகள் இந்தப் பக்கத்து நிலங்களுக்கு இறங்கும் என்பதால் வனத்துறை அனுமதியும் ஊர்க்காரர் துணையும் இல்லாமல் காட்டுக்குள் நுழையவே கூடாது. அந்தப் பாறைக் காடுகளில் தேட வேண்டியது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் வாய்ப்புள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் இருக்கிறது. அதே புதரில் வெண்புருவச் சின்னானும் இருக்கும், தூரத்தில் இரண்டும் ஒரே மங்கல் பச்சைதான், தலையும் தொண்டையும் பளிச்சென்று மஞ்சளா என்று ஒரு நொடி தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று கல்லைத் தட்டிக்கொண்டு ஏறினால் அது பாறை இடுக்கில் மறைந்துவிடும். நின்ற இடத்திலிருந்தே பார்ப்பதற்குத்தானே பைனாகுலர்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கைபேசியில் படம் எடுக்கிறேன் என்று கூட்டுக்கு இரண்டடி தூரம் வரை போகிறார்கள், ஒலிபெருக்கியில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்கிறார்கள். கூட்டை விட்டுத் தாய்ப்பறவை பத்து நிமிடம் விலகினால் நம் ஊர் வெயிலில் முட்டையும் குஞ்சும் என்ன ஆகும்? முந்நூறு மீட்டரிலிருந்து எட்டு மடங்கில் பார்ப்பது, கூட்டை ஒரு நாற்பது மீட்டரிலிருந்து வெறும் கண்ணால் பார்ப்பதற்குச் சமம். அது போதாதா நமக்கு?

குறைகள். எடை 710 கிராம், கூடவே வரும் கழுத்துப் பட்டை மெல்லியது, இரண்டு மணி நேரத்தில் பிடரி வலிக்கும். தோள் இரண்டிலும் மாட்டும் எலாஸ்டிக் பட்டை தனியாக வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. நான்கு மீட்டருக்குள் இருப்பது ஃபோகஸ் ஆகாது, எனவே பட்டாம்பூச்சி பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. தண்ணீர் புகாத கருவியும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் நனையவிடாதீர்கள், வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம், வேலூர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியதும் வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தைச் சரிசெய்யுங்கள், பலர் இதைத் தொடுவதே இல்லை. வலது லென்ஸை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது வளையத்தை மட்டும் திருகி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அதன் பிறகு சக்கரம் ஒன்றே போதும். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். கண்ணை 12 மி.மீ. தூரத்துக்குள் வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும், ரப்பர் விளிம்பை மடித்துவிட்டாலும் ஓரம் வெட்டுப்படும். ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு உங்கள் ஊர் ஏரிக்கு வாருங்கள், யாராவது ஒருவர் கழுத்தில் இது தொங்கும், கேட்டால் கொடுப்பார்கள், கண்ணாடியோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.