குலை லாரியில் டீப் பர்ப்பிள்

இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'டீப்பஸ்ட் பர்ப்பிள்' பாட்டுத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஆனால் எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பழைய சிடி விற்கிறவரிடம் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. பெட்டி ஓரம் உடைசல், தட்டு சுத்தம். நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறேன். பாட்டு கேட்பதெல்லாம் லிந்தாங் சாலையிலும் ஆலை வாசல் வரிசையிலும்தான். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

குழு 1976இல் கலைந்துவிட்டது. இந்தத் தட்டு வந்தது 1980இல். அதாவது குழுவே இல்லாத நேரத்தில் கம்பெனி தொகுத்துப் போட்டது. அப்படியும் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. 1984இல் பழைய ஆட்கள் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். தட்டில் உள்ள 12 பாட்டுகளும் 1970க்கும் 1974க்கும் இடைப்பட்டவை. 1968இல் வந்த 'ஹஷ்' கிடையாது. டாமி போலின் கிட்டார் வாசித்த 1975 ஆல்பத்திலிருந்தும் ஒன்றுமில்லை. அதெல்லாம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

முதல் பாட்டு 'பிளாக் நைட்'. தனிப்பாட்டாக வந்து இங்கிலாந்தில் இரண்டாம் இடம்வரை போனது. 'இன் ராக்' ஆல்பத்தில் இது இல்லை. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' கதையும் அதுதான், இங்கிலாந்தில் வந்த 'ஃபயர்பால்' ஆல்பத்தில் தேடினால் கிடைக்காது. இந்த இரண்டுக்காகவே தொகுப்பு கையில் இருக்க வேண்டும்.

'ஹைவே ஸ்டார்' வந்தால் என் கால் தானாக எண்ணெயை மிதிக்கும், குலை ஏற்றிய லாரிக்கு அது நல்லதில்லை. பாடல் நடுவே ஜான் லார்டின் ஆர்கன் ஓடி முடித்த பிறகுதான் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் புறப்படும். கூட வந்த அக்கா மகன், "மாமா, ரெண்டு கிட்டாரா?" என்றான். "முதல்ல வந்தது ஆர்கன்டா" என்றேன். நம்பவில்லை. அவன்மேல் தப்பில்லை. லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டார்க்காரர்கள் வைக்கிற மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் மாட்டி வாசித்தவர். அதனால்தான் அந்தக் கரகரப்பு.

'சைல்ட் இன் டைம்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். லாரி ஓடும்போது கேட்கவே கூடாது. தொடக்கம் அவ்வளவு மெல்லியது, இன்ஜின் சத்தத்தில் மொத்தமாகக் காணாமல் போகும். எடைப் பாலத்துக்கு முன்னால் வரிசையில் நின்று, இன்ஜினை அணைத்துவிட்டுப் போட வேண்டும். பாடகர் இயன் கில்லன் முணுமுணுப்பாகத் தொடங்கி, வார்த்தை இல்லாமல் மேலே மேலே ஏறி, கடைசியில் அலறுகிற இடத்தில் முன்லாரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தாராம்.

கடைசிப் பாட்டு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. 1971 டிசம்பர் 4ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் சாப்பாவின் கச்சேரி நடக்கும்போது யாரோ கூரையைப் பார்த்துத் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கசினோவே எரிந்துபோனது. அங்கே ஒலிப்பதிவு செய்யத்தான் இவர்கள் வந்திருந்தார்கள். ஏரிமேல் படர்ந்த புகைதான் பாட்டானது. பிறகு காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலில் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பாட்டின் தொடக்கத்தில் முதலில் கிட்டார் மட்டும். அடுத்து ஹை-ஹாட் தட்டும் ஆர்கனும், அப்புறம் முழு டிரம்ஸ். ரோஜர் கிளவரின் பேஸ் கிட்டார் கடைசியில்தான் நுழையும். என் லாரி ஸ்பீக்கரில் அந்த பேஸ் வருவதைக் கதவின் அதிர்வை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சரி, மனத்தாங்கலுக்கு வருகிறேன். 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' இல்லை! தோட்டத்தில் கிட்டார் பிடித்த அண்ணன்மார்கள் எல்லாரும் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து முதலில் வாசித்துப் பழகியது அந்தப் பாட்டுதான். 1974இல் 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்தில் வந்தது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள். அதில் பாடிய, கில்லனுக்குப் பிறகு வந்த பாடகர் டேவிட் கவர்டேல் துணிக்கடை வேலையிலிருந்து நேராக இந்தக் குழுவுக்கு வந்தவர். அவருடைய குரலின் கனம் மெதுவான பாட்டில்தான் முழுசாகத் தெரியும். இங்கே அவர் பாடியது 'பர்ன்', 'ஸ்டார்ம்பிரிங்கர்' இரண்டும்தான், இரண்டுமே வேகம். கில்லன் பாட்டுகளுக்கு நடுவில் அவர் குரல் வந்ததும் புதிதாகக் கேட்கிறவர்கள் குழம்புவார்கள். வருட வரிசையாக அடுக்கியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. 'மிஸ்ட்ரீட்டட்', 'லேஸி' இரண்டும் விடுபட்டதைக்கூட மன்னிப்பேன், 'சோல்ஜர்' விடுபட்டதை மன்னிக்க மாட்டேன்.

'மெஷின் ஹெட்' ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இதில் மூன்று பாட்டு இரட்டிப்பு. அதனால் 15 வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த ஆளிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, பின்னட்டை மட்டும் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரம் பேசினால் பன்னிரண்டுக்குத் தருவார்.