ஏ9 வீதியோரப் பட்டறையில் வாங்கிய பூனைக்கூடு: ஒரு மாரியும் ஒரு கோடையும் பாவித்த பின்னர்

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு தச்சுப் பட்டறையில், 2024 ஐப்பசி மாதம் 14,500 ரூபாய் கொடுத்து ஒரு பூனைக்கூடு வாங்கினேன். வேப்ப மரச் சட்டம், பிளைவூட் சுவர், இரு பக்கமும் சரிந்த சிவப்புத் தகரக் கூரை, முகப்பில் வளைவு வைத்த வாசல் என்று பார்ப்பதற்கு வீட்டுத்திட்ட வீடொன்றைச் சுருக்கி வைத்தது போல இருந்தது. மூலை மூட்டுகள் எதிலும் ஆணி வெளியே தெரியவில்லை. அரத்தாள் போட்டுத் தேய்த்த விளிம்பில் கை வைத்தால் சிராய் குத்தாது. தச்சு வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை முழுவதும் அந்தக் கூடு யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில்தான் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னர், கூட்டில் இருக்க வேண்டியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள மதகுக்குள் ஒரு வரிப்பூனை இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. முயலுக்கு வைக்கும் கண்ணி, சைக்கிள் பிரேக் கம்பியில் முறுக்கியது, அதன் பின்னங்காலில் இறுகிச் சதைக்குள் புதைந்திருந்தது. மிருக வைத்தியர் கம்பியை வெட்டியெடுத்து, தையல் போட்டு, விசர் நோய்த் தடுப்பூசியும் ஏற்றி, மழை நீர் காலில் படாமல் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு இருப்பதால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பூனையும் கதவு சாத்திய அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்த பழக்கமில்லாதது. ஆகவே வளவில் வேப்ப மரத்தின் கீழ் அதற்கொரு இருப்பிடம் அமைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கூட்டை இறக்கி வைத்த அன்றே முதற் பிழை தெரிந்தது. வாசல் 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்டது. வளர்ந்த பூனை நுழைவதற்கு 6 அங்குல விட்டமுள்ள துளை தாராளமாகப் போதும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அங்குலமும் நாய்க்கும் மரநாய்க்கும் சாரலுக்கும் கொடுக்கும் இடம். முதற் கிழமையில் கூட்டைப் பயன்படுத்தியது அயல்வீட்டுக் கோழி ஒன்றுதான். மூன்று முட்டைகளும் இட்டது. பூனை கூரையின் மேல் ஏறி இருந்துகொண்டு அதைப் பார்த்தது.

இரண்டாவது பிழை அளவில் இருந்தது. 3 அடி நீளமும் 2 அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள அறையை ஒரு பூனை தன் உடற்சூட்டால் சூடாக்க முடியாது. பூனையின் உடல் வெப்பநிலை நம்மைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். நனைந்து வந்து சுருண்டு படுக்கும்போது அந்தச் சூடு சுற்றிலும் தங்க வேண்டுமானால், திரும்பிப் படுக்க இடமும் தலைக்கு மேல் ஒரு சாணும் இருந்தாலே போதும். பெரிய வீடு நல்ல வீடு என்பது மனிதருடைய கணக்கு.

2024 நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் வடக்கு முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்திய நாட்களில், எஞ்சிய பிழைகளும் வெளிப்பட்டன. கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஓர் அங்குலமே நீண்டிருந்ததால், வாடைக்காற்றோடு வந்த மழை நேரே வாசலுக்குள் அடித்தது. நான் உள்ளே விரித்திருந்த பழைய சாரம் நீரை உறிஞ்சி, பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும் நிலையில் கிடந்தது. இந்தத் தவறு பட்டறையினுடையது அல்ல, என்னுடையது. துணியும் கோணிச்சாக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூனையின் சூட்டை உறிஞ்சிவிடும். வைக்கோலோ தன் குழல் தண்டுக்குள் காற்றை வைத்திருப்பதோடு நீரையும் எளிதில் ஏற்பதில்லை. வயல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை அறியப் பிந்திவிட்டேன். சிறுபோகத்து வைக்கோலில் இரண்டு கட்டு வாங்கி, தளர்வாக உதறி, கூட்டின் அரைவாசிக்கு நிரப்பினேன். கிழமைக்கொரு தடவை கையை விட்டுப் பார்த்து, அடியில் பூஞ்சணம் மணத்தால் மாற்றிவிடுகிறேன்.

அந்த மழை நாட்களில் பூனையைக் காப்பாற்றியது 14,500 ரூபாய்க் கூடு அல்ல, சந்தையில் மீன் விற்பவரிடம் 800 ரூபாய்க்கு வாங்கிய, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையாலான பழைய பெட்டி. ஐஸ் உருகாமல் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெட்டிக்கு, சூடு வெளியே போகாமல் வைத்திருப்பதும் அதே வேலைதான். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயில் எட்டிப் பார்த்த வேளைகளிலெல்லாம் காயவைத்து, சூடாக்கிய கத்தியால் 6 அங்குலத் துளை வெட்டி, மூடியை ரியூப் நாடாவால் கட்டி, விறாந்தைக் குந்தில் இரண்டு செங்கற்களுக்கு நடுவே வைத்தேன். அன்றிரவே பூனை உள்ளே போய்ப் படுத்தது. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நம்பலாம் என்று எழுத மாட்டேன். எவ்வளவு கழுவினாலும் மீன் மணம் எறும்பை அழைக்கும். நகம் கூர்மையாக்க அதைப் பிறாண்டுவதால் வெள்ளை மணிகள் உதிர்ந்து வளவெல்லாம் பறக்கும். செங்கல் இல்லாவிட்டால் காற்றுக்குப் பெட்டியே பறக்கும்.

தையில் மழை விட்டதும் கூட்டைத் திருத்தத் தொடங்கினேன். பெரிய வாசலைப் பலகையால் அடைத்து, பக்கச் சுவரின் ஓரமாக 6 அங்குலத் துளை ஒன்றும், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றும் போட்டேன். ஒரு வழியில் நாய் வந்து நின்றால் மறுவழியால் வெளியேற முடியாத கூடு பூனைக்குப் பொறியாகிவிடும். உட்புறம் ரெஜிபோம் தகடு வைத்து அதன் மேல் மெல்லிய பிளைவூட் அறைந்ததில் அறையும் சுருங்கியது. வாசல் பார்க்கும் திசையைத் தீர்மானிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. மாரியில் மழை வடகிழக்கிலிருந்து வருகிறது. வைகாசி தொடங்கினால் சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியை வாரி அடிக்கிறது. இரண்டுக்கும் விலக்கித் தென்கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தேன். காலை வெயில் நுழைந்து வைக்கோலைக் காயவைப்பது நான் எதிர்பாராத நன்மை.

கூட்டின் கால்களில் பூசியிருந்த வாகனக் கழிவொயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறையானுக்கு அஞ்சி வேலிக் கதியாலிலிருந்து கதவு நிலைவரை அதைப் பூசுவது நம்மூர் வழக்கம்தான். ஆனால் பூனை தன் உடம்பில் ஒட்டுவது அனைத்தையும் நாக்கால் நக்கித் துடைக்கும் பிராணி. காலில் ஒட்டிய ஒயில் வயிற்றுக்குள் போகும். தார் கலந்த மரப்பூச்சுகளும் பீனோல் சேர்ந்த கிருமிநாசினிகளும் இன்னும் கேடானவை, ஏனெனில் பூனையின் ஈரல் அவ்வகைப் பொருட்களை முறிக்க வல்லதல்ல. ஒயில் ஊறிய கால்களை அறுத்தெறிந்துவிட்டுக் கூட்டைச் சீமெந்துக் கற்களின் மேல் ஏற்றினேன். ஒவ்வொரு கல்லின் கீழும் நீர் ஊற்றிய தட்டம் வைத்ததில் எறும்பும் நின்றது. டெங்கு நுளம்பு பெருகாதிருக்க மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, தட்டத்தைத் தேய்த்து மாற்றவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சாப்பாட்டையும் கூட்டருகே வைப்பதில்லை. பத்து எட்டுத் தள்ளி, கிணற்றடியில்.

பூனைக்கூடு பற்றி வாசிக்கக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை பனி பொழியும் நாடுகளுக்கு உரியவை. வன்னியில் கூடு சோதிக்கப்படுவது கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் மறுமுறை. தகரக் கூரை உச்சி வெயிலில் அடுப்பு மூடியாகிவிட்டது. பூனை மதியம் முழுவதும் வாழையடியில் ஈரமண்ணில் கிடந்தது. தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே இரண்டு அங்குலக் கட்டைகள் வைத்துக் காற்றோட இடைவெளி விட்டு, தகரத்தின் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு கட்டினேன். கிடுகை ஓர் அடி நீட்டிக் கட்டியதில் வாசலுக்குத் தாழ்வாரமும் கிடைத்தது. அதன் பிறகும் பூனை ஒன்பது நாட்கள் உள்ளே போகவில்லை. அது படுத்துப் பழகிய சாக்கை எடுத்து உட்சுவரெல்லாம் தேய்த்துவிட்ட மறுநாள், துளையின் விளிம்பில் கன்னத்தை உரசிவிட்டு உள்ளே நுழைந்தது.

திருத்தத்துக்கு மேலதிகமாக 4,200 ரூபாய் முடிந்தது. இப்போதுள்ள வடிவத்தில் கூட்டுக்கு முழு மதிப்பும் கொடுப்பேன். வாங்கிய வடிவத்தில் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆவணியில் என் சக ஆசிரியை ஒருவருக்காக அதே பட்டறைக்கு மீண்டும் போய், அளவுகளை எழுதிய தாளைக் கொடுத்தேன். தச்சுத் தம்பி அதை இருமுறை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் செய்யலாம் ரீச்சர். ஆனா பூனை வந்து வாங்கிறேல்லைத்தானே, ஆக்கள்தானே வாங்கினம். ஆக்கள் வாசலப் பாத்துத்தான் காசு தருவினம்.”

இருந்தும் இரண்டு கூடுகள் செய்தார். ஒன்று எங்களுக்கு, மற்றது கடை முகப்புக்கு. விலை 11,000 ரூபாய், கால்களில் ஒயில் இல்லை, பக்கத்தில் இரண்டு துளைகள், அளவு அங்குலம் பிசகவில்லை. முகப்புச் சுவரில் மட்டும் பச்சைப் பூச்சால், கைபிடியும் திறப்புத் துளையும் வைத்து, வளைந்த கதவொன்றை வரைந்திருந்தார்.