ஒரு கையடக்க அகராதியும் ‘மட்டந்தட்டு’ என்ற சொல்லும்

தண்டையார்பேட்டையில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்காகச் சென்ற ஆண்டு 180 ரூபாய் கொடுத்து வாங்கிய தமிழ்–தமிழ்க் கையடக்க அகராதி ஒன்றை ஏறக்குறைய நாள்தோறும் புரட்டி வருகிறேன். எழுத்து கண்ணை உறுத்துவதில்லை. கட்டுமானமும் உறுதியாகவே இருக்கிறது. ஒரு சொல்லுக்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்ற ஐயம் வந்தால் தயங்காமல் இதை நம்பலாம். பொருள் சொல்லும் இடத்தில்தான் இது கைவிட்டுவிடுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் சில மாதங்களுக்கு முன் மனு எழுத வந்தார். “பதினோரு வருசமா தைக்கிறேன் சார். நான் வெட்டிக் குடுக்கிற அளவுலதான் மத்தவங்க தைக்கிறாங்க. புதுசா வந்த பசங்க முன்னாடி சூப்பர்வைசர் என்னை மட்டந்தட்டியே பேசுறாரு” என்றார். பேச்சு வழக்குச் சொல்லாயிற்றே என்று அகராதியைத் திறந்தேன். ‘மட்டந்தட்டு – தாழ்த்து, இழிவுபடுத்து’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. இரண்டாவதை எடுத்து ‘என்னை இழிவுபடுத்தினார்’ என்று எழுதி, வழக்கம்போல் படித்துக் காட்டினேன். அவர் உடனே கையை நீட்டித் தடுத்தார். “அசிங்கமா எதுவும் சொல்லல சார். அப்படி எழுதாதீங்க.”

அவர் சொன்னதுதான் சரி. இழிவுபடுத்தினார் என்றால் வசைச்சொல்லோ, சாதியையோ உடலையோ பற்றிய பேச்சோ நடந்ததாகத்தான் மனுவைப் படிக்கும் அதிகாரி எடுத்துக்கொள்வார். மட்டந்தட்டுவது வேறு. தளத்தில் கலவையைப் பரப்பிய கொத்தனார் மட்டப்பலகையை வைத்து இழுத்து, எங்கே புடைத்து நிற்கிறதோ அங்கே தட்டி மற்ற இடத்தோடு சமமாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேடு இருந்தால்தான் தட்ட முடியும். ஆகவே ஒருவரை மட்டந்தட்டுகிறார்கள் என்னும்போது, அவரிடம் மற்றவர்களைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் திறமையோ அனுபவமோ இருக்கிறது என்பதும், அதைப் பொறுக்காமல் நாலு பேர் முன்னிலையில் அது ஒன்றுமே இல்லை என்பதுபோல் ஆக்குகிறார்கள் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அந்த அம்மையாரின் பதினோரு ஆண்டு உழைப்பு அந்தச் சொல்லில் இருந்தது. அகராதி கொடுத்த சொல்லில் இல்லை. ‘என் தொழில் திறமையைப் புதியவர்கள் முன்னிலையில் தொடர்ந்து குறைத்துப் பேசுகிறார்’ என்று மாற்றி எழுதிய பிறகே கையெழுத்திட்டார்.

இதே அகராதி ‘இளக்காரம்’ என்பதற்கும் ‘தாழ்வு, இழிவு’ என்றே சொல்கிறது. இளக்காரம் பார்வையில் இருப்பது. வாய் திறக்காமலேயே ஒருவரை இளக்காரமாகப் பார்க்கலாம். இலக்கணமும் வேறு: ‘அவளை மட்டந்தட்டினான்’ என்று இரண்டாம் வேற்றுமை வரும் இடத்தில், ‘உனக்கு நான் இளக்காரமாகிவிட்டேனா?’ என்று நான்காம் வேற்றுமை வருகிறது. ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருந்திருந்தால் இந்த வேறுபாடு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். புத்தகம் முழுவதிலும் அப்படி ஒரு வாக்கியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் நாள் முழுவதும் காதில் விழும் ‘கலாய்’ என்ற சொல் இதில் இடம்பெறவே இல்லை.

‘இகழ்’ என்பதற்கு இழிவாகப் பேசு என்ற பொருளோடு நிறுத்தியிருப்பதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. மறத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக’ என்று தொடங்கும் 539ஆம் குறள் பொச்சாவாமை, அதாவது மறவாமை, என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே இகழ்ச்சி என்பது மறதி. இந்த அகராதியை நம்பி அந்தக் குறளைப் படிக்கும் மாணவர் யாரோ யாரையோ ஏசியதாகப் பொருள் கொள்வார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இந்தப் பொருள் தனியே கொடுக்கப்பட்டிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றித் தேடலாம் என்பதால், கைப்பேசி வைத்திருப்பவர்கள் பொருள் பார்க்க அங்கே போவது நல்லது.

1779லேயே வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி அச்சேறிய ஊர் இது. இங்கே விற்கும் அகராதியிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது அதிகமில்லை என்றே நினைக்கிறேன். எழுத்துப்பிழை திருத்த மட்டும் ஒரு புத்தகம் வேண்டுமானால் 180 ரூபாய்க்கு இது தகும். மனு, புகார், சாட்சியம் எழுதுபவர்கள் இதை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். என் பிரதியில் ‘மட்டந்தட்டு’ இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் அந்த அம்மையார் சொன்ன வாக்கியத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.