நைலான் புஷ், டெல்ரின் புஷ்: ஈரத்தில் நாள்பட்டால் என்ன ஆகிறது

புஷ் என்பது சுழலும் ஷாஃப்டை, அதாவது தண்டை, தாங்கும் குழல். அதை நைலான், டெல்ரின் ஆகிய பிளாஸ்டிக்குகளிலும் செய்வார்கள். விவரத்தாளில் நைலான் 6 என்ற ரகத்துக்கு இழுவிசை வலிமை சுமார் 80 மெகாபாஸ்கல், விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல் என்று போட்டிருக்கும். அது காய்ந்த நைலானை அளந்த கணக்கு. 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் நாள்பட்டால், எடையில் 2.5 முதல் 3 சதவீதம்வரை தண்ணீரைக் குடித்துவிடும். அப்போது விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். வலிமை ஏறத்தாழப் பாதியாகும். தண்ணீரிலேயே கிடந்தால் ஈரம் 9 சதவீதம்வரை ஏறும்.

வலிமை போனதைவிடத் தொல்லை தருவது ஊதுவதுதான். ஒரு சதவீத ஈரத்துக்கு அளவு 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும். 40 மி.மீ. வெளிவிட்டம், 30 மி.மீ. உள்விட்டம் உள்ள புஷ்ஷை இரும்பு வீட்டில், அதாவது அது உட்காரும் துளையில், அடித்து இறக்கினால், வெளியே விரிய இடமில்லாமல் உள்பக்கம் நெருக்கும். காற்றின் ஈரத்துக்கே துளை 0.1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். பித்தளைப் புஷ் நினைப்பில் ஷாஃப்டுக்கு 0.05 மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்தால், மாட்டியபோது சுகமாக ஓடும். மழைக்காலத்தில் ஷாஃப்டைப் பிடிக்கும். இந்த அளவுள்ள புஷ்ஷுக்கு 0.2 முதல் 0.25 மி.மீ. விடுவதே பத்திரம். ஈரம் ஊறும் காலம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது: சுவர் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு நாள். அதனால்தான் கோளாறு உடனே தெரிவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வார்ப்பு அச்சிலிருந்து புதிதாக வந்த நைலான் கிளிப்பை அன்றே மாட்டினால் பட்டென்று உடையும். பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாகங்களைப் போட்டுக் கட்டிவைப்பது மோல்டிங்காரர்களின் பழைய வழக்கம். ஈரம் ஏறியதும் வளைந்து கொடுக்கும். அடுப்புக்கு அருகே ஓடும் நைலான் கியரின் பல் சட்டென முறிவதற்கும் இதே வறட்சி ஒரு காரணம்.

தண்ணீருக்குள் ஓடும் புஷ்ஷுக்கு அசிட்டல், அதாவது கடையில் கேட்கும் டெல்ரின், தயங்காமல் போடலாம். முழுக்க ஊறினாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் குடிக்கும். ஆனால் குளோரின் கலந்த நீர் நாளடைவில் அதை அரித்து வெடிக்கவைக்கும். அமிலக் கழுவுநீர் நைலான், அசிட்டல் இரண்டையுமே தின்னும். தூசியிலும் அதிர்விலும் நைலானே மேல்.

வெயில் படும் இடத்தில் வெள்ளை அசிட்டல் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும். கார்பன் கலந்த கறுப்பு ரகம் கேட்டு வாங்க வேண்டும்.